நெற்றிவரை வந்த பொருளாளர்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளர் போன் பண்ணி, "டேய், என் மூஞ்சி எங்கடா?" என்றான். பள்ளியில் ஒரே பெஞ்ச். இல்லையென்றால் அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு என் பதிலே வேறு.

சங்கத்து வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். நெற்றி இருந்தது. திருநீறு இருந்தது. புருவத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் கலர்.

படத்தை டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்து வைப்பதா, ஃபோல்டரில் போட்டுவிட்டு அது இருக்கும் இடத்தை மட்டும் டேபிளில் எழுதி வைப்பதா என்பது வெப்சைட் கட்டுகிறவர்களிடையே தீராத பஞ்சாயத்து. என் தீர்ப்பைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் இந்த நெற்றி விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

எங்கள் சைட்டைக் கட்டிய தம்பி இப்போது கனடாவில் சௌக்கியமாக இருக்கிறார். மைஎஸ்க்யூஎல் டேபிளில் போட்டோவுக்கென்று 'பிளாப்' வகையில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டு விமானம் ஏறினார். பிளாப் கொள்வது 65,535 பைட். 64 கேபிக்கு ஒரு பைட் குறைச்சல். அதற்கு மேல் போனால் 2015-இல் வந்த 5.7 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும், யாரும் அமைப்பை மாற்றி வைக்காத வரை, "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். எங்கள் சர்வரில் ஓடுவது அவற்றுக்கெல்லாம் மூத்தது. கொள்கிற மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை வெட்டிக் கடாசிவிட்டு, வேலை முடிந்தது என்று பேசாமல் இருந்துவிடுகிறது.

ஜேபெக் படம் பெரும்பாலும் மேலிருந்து கீழே வரிவரியாக எழுதப்படுவது. நடுவில் வெட்டினால் தலை தங்கும், உடம்பு போகும். தலை எவ்வளவு தங்கும் என்பது போனின் விலையைப் பொறுத்தது. எங்கள் சங்கத்திலேயே மலிவான போன் வைத்திருப்பவர் முழுசாக வந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி, நைந்து, மூக்கும் மீசையும் ஒன்றான படம். ஆனால் வேட்டிக்கரை தெரிகிறது, செருப்பு தெரிகிறது, செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பூனைகூடத் தெரிகிறது. லட்ச ரூபாய் போன்காரர் அனுப்பியது 5 எம்பி. அதில் 64 கேபி என்பது நூற்றில் ஒரு பங்கு சொச்சம். ஆகவே அவர் பெயருக்கு மேலே கொடைக்கானல் வானம் ஒரு கீற்று இருக்கிறது. தலைவர் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த படம். திரைச்சீலை நன்றாக வந்திருக்கிறது. துணைத்தலைவர் கல்யாண மண்டப வாசலில் நின்றவர். 'நல்வரவு' போர்டு வந்தது, ஆள் வரவில்லை.

இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் பல போன்களில் உள்ளே படுத்தபடிதான் பதிவாகும். 'காட்டும்போது நிமிர்த்திக் காட்டு' என்று ஒரு குறிப்பு கூடவே வரும். பிரவுசர் நிமிர்த்துகிறது. அப்போது வெட்டும் நெட்டுக்குத்தாகிவிடுகிறது. இணைச் செயலாளருக்கு வலப்பாதியில் முகம், இடப்பாதியில் சாம்பல்: அர்த்தநாரீஸ்வரர். ஒருவருக்கு முழுக்கவே சாம்பல். அதைப் பார்த்த இருவர் அவர் வீட்டுக்கு விசாரிக்கவே போய்விட்டார்கள். அவரே வந்து கதவைத் திறந்தாராம்.

சரி, ஃபோல்டர்? அதுவும் ஒழுங்கில்லை. சர்வர் மாற்றும்போது டேபிளை நினைவாக எடுத்துப் போவார்கள், ஃபோல்டரை மறப்பார்கள். எல்லார் முகத்திலும் கிழிந்த பட அடையாளம்தான் மிஞ்சும். போதாததற்கு நம்மவர்களில் பாதிப் பேர் படத்துக்கு வைக்கும் பெயர் 'மை போட்டோ'. சைட் பெயரை மாற்றி வைக்காவிட்டால் அடுத்து வருகிறவர் முன்னவரை அழித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

பெரியவர்களும் யோசித்திருக்கிறார்கள். ஜிம் கிரே உள்ளிட்ட மூவர் 2006-இல் மைக்ரோசாஃப்டில் சோதித்துப் பார்த்து, 256 கேபிக்குள் என்றால் டேட்டாபேஸ், 1 எம்பிக்கு மேல் என்றால் ஃபைல், நடுவில் உள்ளதற்கு நிலைமையைப் பொறுத்து என்றார்கள். எங்கள் ஆட்கள் படம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் வரும். பேஸ்புக்கோ 2010 வாக்கில் 26,000 கோடி படங்களுக்கு 'ஹேஸ்டாக்' என்று தனி ஏற்பாடே செய்துகொண்டது. ஒவ்வொரு போட்டோவையும் நாலு அளவில் சுருக்கி வைத்தது. நான் ஒரே ஓர் அளவில் சுருக்கி அனுப்புங்கள் என்று கெஞ்சினால், "குவாலிட்டி போயிடுமே சார்" என்கிறார்கள். அந்தப் படம் பக்கத்தில் நிற்கப்போவது எட்டணாக் காசு அளவு வட்டத்தில். அந்த வட்டத்துக்குள் எதற்கய்யா குவாலிட்டி? அதை வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? "என் மூஞ்சி எங்கே" என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். "அவன் மூஞ்சி எங்கே" என்று இந்தச் சங்கத்தில் ஒரு பிரகஸ்பதியும் இதுவரை கேட்டதில்லை.

இனி எல்லாரிடமும் மறுபடி படம் கேட்க வேண்டும்; வெட்டிப் போனது போனதுதான். பிளாப்பை மீடியம்பிளாப் ஆக்கினால் 16 எம்பி கொள்ளும், லாங்பிளாப் என்றால் 4 ஜிபி வரை போகலாம், ஆனால் என்னைக் கேட்டால் என்று செயலாளரிடம் ஆரம்பித்தேன். 'என்னைக் கேட்டால்' வரை அவர் நிற்கவில்லை.

"4 ஜிபியா! அப்ப நம்ம வெள்ளிவிழா வீடியோவையே ஏத்திடலாமே. மூணு மணி நேரம்தான். வரவேற்புரை மட்டும் ஒண்ணேகால் மணி."