பிரெஞ்சுப் பாராட்டு இலக்கணம்: சில முற்குறிப்புகள்

தமிழுக்கு இலக்கணம் ஐந்து. ஆறாவதாகப் புலமை இலக்கணத்தைச் சேர்த்தார் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். ஏழாவது பிரான்சில் இருக்கிறது. பிறர் செய்த வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் இலக்கணம் அது. அதன் முதல் நூற்பாவை நாமே இயற்றிக்கொள்வோம்: திட்டு வெளிப்படை, பாராட்டு உள்ளுறை.

தோற்றுவாய் பள்ளிக்கூடம். அங்கே மதிப்பெண் இருபதுக்கு. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது ஆசிரியருக்கு, மாணவனுக்கு அதற்குக் கீழே என்று பழைய வேடிக்கைப் பேச்சு ஒன்று உண்டு. பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரெயாவில் சராசரி 10 எடுத்தால் தேர்ச்சி. 12-க்கு ‘ஓரளவு நன்று’, 14-க்கு ‘நன்று’, 16-க்கு ‘மிக நன்று’. நூற்றுக்கு எழுபது என்பது நம்மூரில் டியூஷன் தேடவைக்கும் மார்க். அங்கே ‘நன்று’ என்று சான்றிதழிலேயே ஏறிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் இத்தேர்வுக்கு மதிப்பெண்ணுக்குப் பதில் உருண்டை போட்ட காலமும் உண்டு. வெள்ளை உருண்டை என்றால் ஆதரவு, கறுப்பு என்றால் எதிர்ப்பு, சிவப்பு என்றால் இரண்டுங்கெட்டான். இந்தச் சிவப்பு உருண்டைதான் இன்றைய பிரெஞ்சுப் பாராட்டின் மூதாதை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. மறுப்போர் ஆதாரத்தோடு வரட்டும், நம்மிடம் இல்லை.

அடுத்த சான்று, பருவந்தோறும் வீட்டுக்கு வரும் மதிப்பெண் அறிக்கை. பாடத்துக்கு ஒரு சிறு கட்டம். அதில் ஆசிரியரின் ஒற்றை வரி. “நல்ல பருவம், ஆனால் வகுப்பில் பேச்சு அதிகம்” என்பது போல இருக்கும். ‘ஆனால்’ என்பதற்கு முன்னால் இருப்பதெல்லாம் பந்தல். கல்யாணம் அதற்குப் பின்னால்தான். இக்கட்டங்களில் பேர்போன வரி, “இன்னும் நன்றாகச் செய்ய முடியும்.” எந்தத் தர்க்க சாஸ்திரியாலும் இதை மறுக்க முடியாது. உலகில் செய்யப்பட்ட எதற்கும் பொருந்தும், ஐஃபல் கோபுரம் உட்பட. அந்தக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்ட 1887-இலேயே மாப்பசான் உள்ளிட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் பத்திரிகையில் கண்டன அறிக்கை விட்டார்கள். திட்டு வெளிப்படை என்பதற்கு இதைவிட உயரமான சான்று கிடைக்காது.

உள்ளுறைக்குச் சான்று கொர்நேயின் ‘லெ சித்’ நாடகம் (1637). நாயகி ஷிமேன், தன் தந்தையைக் கொன்ற காதலனிடம் தனக்கு வெறுப்பில்லை என்று மட்டும் சொல்கிறாள். அது காதல் வாக்குமூலம் என்று பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. அந்த வழியில் வந்ததுதான் ‘மோசமில்லை’ என்று பொருள்படும் ‘பா மால்’. சொல்லும்போது புருவமும் சற்று உயர்ந்தால் அது பெரிய பாராட்டு. நம் ‘பரவாயில்லை’க்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

ஆகவே பிரெஞ்சு நண்பர் தாம் எழுதியதைக் கொண்டுவந்து காட்டினால் ‘அற்புதம், அபாரம்’ என்று அள்ளி விடாதீர்கள். படிக்காமலே சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘பா மால்’ என்று ஆரம்பித்து, ஓர் ‘ஆனால்’ போட்டு, மூன்றாம் வரியில் எழுத்தின் தலையில் விட்டுப்போன குறியைச் சுட்டிக்காட்டுங்கள். மனிதர் குளிர்ந்துபோவார்.

ஒரே ஒரு புறனடை. மாமியார் வைத்த சாம்பாரிடம் இந்த இலக்கணத்தைக் காட்ட வேண்டாம். அதற்கு எப்போதும் இருபதுக்கு இருபதுதான்.