நாய்க்கு ராத்திரி வேலை இல்லாத ஊர்

பெர்லின்,
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டதா, பறிக்க ஆள் கிடைக்கிறார்களா என்று கேட்டேன் என மாமாவிடம் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் பிள்ளைகள் நடுவே புகுந்து என்னிடம் ஒரு வழக்குப் போட்டார்கள். புதுக் குட்டிநாய் இனி வீட்டுக்குள்தான் படுக்க வேண்டுமாம், அதுவும் அவர்கள் பாயில். வெளிநாட்டில் எல்லாரும் அப்படித்தானாம். சந்தேகம் இருந்தால் பெர்லின் மாமாவைக் கேளுங்கள் என்று உன்னிடம் வாதாடுகிறார்கள். மே மாதம் ஏற்காட்டுக் கோடை விழாவில் கால்நடைத் துறை நடத்துகிற நாய்க் கண்காட்சிக்கு அவர்களைக் கூட்டிப்போனபோதே எனக்குத் தெரியும், இது எங்கேயாவது கொண்டுபோய் விடும் என்று. சீவி முடித்த நாய்களைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? போனில் பதில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை அவர்கள் விழ விடமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீயே படித்துக் காட்டு.

அவர்கள் சொல்வது உண்மைதான். இங்கே நாய் கட்டிலில்தான் தூங்குகிறது. மனிதன் தூங்குகிறானா என்பதுதான் கேள்வி.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர், தனியாள். மூன்றாம் மாடியில் அவர் வீட்டில் ஓர் அறை எனக்கு. சமையலறை, குளியலறை இரண்டும் பொது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வால்டியும் மின்காவும் பொது என்று எழுதியிருக்கவில்லை. வால்டி நாய், மின்கா பூனை.

வால்டி சட்டப்படி பெரிய மனிதன். தோலுக்கடியில் சிப், பெர்லின் நகர நாய்ப் பதிவேட்டில் இடம், யாரையாவது கடித்து வைத்தால் நஷ்டஈடு கொடுக்கக் கட்டாயக் காப்பீடு. ஆண்டுக்கு 120 யூரோ வரி வேறு. இன்னொரு நாய் வைத்தால் அதற்கு 180. நம் மாமா வீட்டு வரி கட்டவே மார்ச் 31 வரை இழுப்பார், இங்கே ஒரு நாய் ஒழுங்காக வரி கட்டுகிறது. பூனைக்கு வரி கிடையாது. அது மின்காவுக்குத் தெரியும் என்பது அதன் நடையிலேயே தெரிகிறது.

ரயிலுக்கும் விதி இருக்கிறது. வீட்டுப் பூனை அளவுக்குள் அடங்கும் நாய், கூடைக்குள் இருந்தால் இலவசம். அதைவிடப் பெரியது என்றால் பாதி டிக்கெட், வாய்க்கு மூடி. வால்டி டாஷ்ஹண்ட் சாதி: குட்டைக் கால், தரையோடு தரையாக நீண்ட உடம்பு. இதை உயரத்தில் அளப்பதா நீளத்தில் அளப்பதா என்று விதியில் இல்லை. வீட்டுக்காரம்மா உயரத்தில்தான் அளக்கிறார்.

குரைப்பதற்கும் கணக்கு உண்டு அக்கா. பெர்லினில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும். 1993-ல் கொலோன் மேல்நீதிமன்றம் ஒரு வழக்கில் இன்னும் நுணுக்கமாகத் தீர்ப்புச் சொன்னது. நாய் ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் குரைக்கக் கூடாது. நாள் முழுவதும் சேர்த்து 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மதியம் 1 முதல் 3 வரையும் இரவு 10 முதல் காலை 6 வரையும் குரைக்கவே கூடாது. தீர்ப்பு நகலை அந்த நாயிடம் யார் போய்க் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இத்தனை சட்டமும் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கத்துக்கு. வளர்ப்பவன் தூக்கத்துக்கு ஒரு வரிச் சட்டம் இல்லை. கூட இருக்கும் வாடகைக்காரனை யாரும் நினைத்தே பார்த்ததில்லை.

வால்டி குரைப்பதில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. இந்தச் சாதியை இங்கே உருவாக்கியதே வளைக்கரடி என்கிற பேட்ஜரின் பொந்துக்குள் நுழைந்து அதை விரட்டத்தான். குட்டைக் கால், நீண்ட உடம்பு, மண் தோண்டும் வேகம் எல்லாம் அந்த உத்தியோகத்துக்கானவை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமே ஒரு டாஷ்ஹண்ட்தான், அதன் பெயரும் வால்டி. அவ்வளவு கௌரவமான பரம்பரை. ஆனால் மூன்றாம் மாடியில் வளைக்கரடிக்கு எங்கே போவது? என் போர்வைதான் இருக்கிறது. கதவு சாத்தாத ராத்திரிகளில் கால்மாட்டில் மூக்கை நுழைத்து, தோண்டித் தோண்டி முன்னேறி, தலையணைப் பக்கம் வெளியே வரும். வளைக்கரடி கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் திரும்பவும் கால்மாட்டுக்கே போய் மறுபடி தேடும். கதவைச் சாத்தினால் கதவைத் தோண்டும்.

இந்த நேரத்தில்தான் நம் பழைய நாய் மணியை நினைத்துக்கொள்வேன். அது நம்மை எழுப்பாத ராத்திரி உண்டா? ஆனால் காரணமில்லாமல் எழுப்பியதில்லை. நின்ற இடத்திலேயே நின்று அடித்தொண்டையில் குரைத்தால் காட்டெருமை காப்பிக்குள் இறங்கியிருக்கிறது. ஓடி ஓடிக் குரைத்தால் பன்றி. தலையைத் தூக்கிக் குரைத்தால் பலா மரத்தில் மரநாய். அப்பா பாயில் படுத்தபடியே கேட்டுவிட்டு, டார்ச்சை எடுப்பதா புரண்டு படுப்பதா என்று முடிவு செய்வார். மரநாய் என்றால் புரண்டு படுப்பார். பகல் முழுவதும் காப்பி காயப்போடும் களத்தில் மணி செத்தது மாதிரி கிடக்கும், நாமும் ஒன்றும் சொல்வதில்லை, ராத்திரி டியூட்டி பார்த்த ஆள் என்று.

இங்கே பன்றி இல்லை என்று நினைத்துவிடாதே. பெர்லின் ஊருக்குள்ளேயே காட்டுப்பன்றிகள் திரிகின்றன. 2020-ல் இங்கே டொய்ஃபல்சே ஏரிக்கரையில் ஒரு மனிதர் உடம்பில் துணியில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார் (இங்கே அதற்குத் தடையில்லை, அம்மாவிடம் இந்த வரியைப் படிக்காதே). ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வந்து அவருடைய பையைக் கவ்விக்கொண்டு ஓடியது. பைக்குள் லேப்டாப். அவர் அப்படியே பின்னால் ஓடியிருக்கிறார். அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது, பை திரும்பக் கிடைத்தது. மணி இருந்திருந்தால் பன்றி ஏரியைத் தாண்டியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்பவர்களிடம் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. பன்றியிடமிருந்து காக்கத்தான் நாய் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

அடுத்தது மின்கா. பூனை ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பிராணி என்று நாம் சொல்வோம். அது அவ்வளவு சரியில்லை. எலியும் குருவியும் நடமாடும் விடியலும் அந்தியும்தான் அதன் வேட்டை நேரம். ஜூன் மாதம் இங்கே 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும், அதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். மின்காவுக்கு வேட்டை நேரம், எனக்கு அகால நேரம். இந்த மூன்றாம் மாடியில் வேட்டைக்குக் கிடைப்பது போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் கால் பெருவிரல் ஒன்றுதான்.

குளிர்காலத்திலாவது சூரியன் எட்டு மணிக்கு மேல் வருகிறதே, நிம்மதி என்று பார்த்தால், அதற்குள் பூனைக்கு நேரம் மனப்பாடம் ஆகிவிட்டது. நான்கு மணி என்றால் நான்கு மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு இந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள். ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரத் தூக்கம் லாபம். மின்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூன்று மணிக்கு எழுப்புகிறது. எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட். பூனை எழுப்புகிற மூன்று மணி உனக்குக் காலை ஏழரை, அதனால்தான் எப்போதாவது அந்த நேரத்தில் உனக்கு மெசேஜ் வருகிறது. ஊர் நினைப்பில் தூங்காமல் கிடக்கிறான் தம்பி என்று அம்மா அழுதாளாமே, பூனை என்று சொல்லிவிடு.

கால்நடை மருத்துவர் சொன்ன வழி எளிதானது. படுக்கப்போகும் முன் நன்றாக விளையாட்டுக் காட்டி, கடைசித் தீனியை அப்போது போடுங்கள். விடியலில் கத்தினால் எழுந்திருக்காதீர்கள். சில நாள் முன்னைவிட அதிகமாகக் கத்தும், பலிக்கவில்லை என்றால் விட்டுவிடும். நல்ல வைத்தியம்தான். ஆனால் அது இன்னும் அதிகமாகக் கத்துகிற அந்தச் சில நாளில் வீட்டுக்காரம்மாவுக்கு மனசு கேட்காது, எழுந்து போய்த் தீனி போட்டுவிடுவார். ஆக, இன்னும் அதிகமாகக் கத்தினால்தான் சோறு என்று பூனை கற்றுக்கொண்டாயிற்று.

இந்தச் செல்லம் கிழவியின் தனிமையால் மட்டும் என்று நினைக்காதே, ராஜாக்களும் இப்படித்தான். பக்கத்தில் பாட்ஸ்டம் என்று ஓர் ஊர். இரண்டாம் ஃபிரெடரிக் ராஜா அங்கே சான்சூசி என்று அரண்மனை கட்டி, வேட்டைநாய் சாதியில் சின்னதாக ஒரு கூட்டம் வளர்த்தார். சோபாவெல்லாம் அவற்றுக்குத்தான். வேலைக்காரர்கள் அந்த நாய்களை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று இருந்ததாம். செத்தால் என்னை என் நாய்களோடு புதையுங்கள் என்று எழுதி வைத்துவிட்டு 1786-ல் இறந்தார். பின்னால் வந்தவர்கள் கேட்கவில்லை, தேவாலயத்தில் வைத்தார்கள். 1991-ல்தான் கொண்டுவந்து நாய்களுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். கல்லின்மேல் ஜனங்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள், அதை நாட்டில் பயிரிட வைத்தவர் என்று. நாய்களின் கல்மேல் ஒன்றும் இல்லை.

நாய் கூடப் படுத்தால் தூக்கம் கெடுமா என்று 2017-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 40 பேர், ஏழு ராத்திரி, மனிதன் கையில் ஒரு கருவி, நாய் கழுத்தில் ஒரு கருவி. நாய் அறையில் எங்கேயோ படுத்தால் பெரிய கெடுதல் இல்லை. கட்டிலிலேயே படுத்தால் மனிதன் தூக்கம் குறைகிறது. நாய்களோ எஜமானர்களைவிடச் சற்று நன்றாகவே தூங்கியிருக்கின்றன. உன் பெரியவன் இதை அவன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்வான், பார்.

தூக்கம் என்றதும் இன்னொன்று: உன் சேவலைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் முனகுகிறார் என்றாயே. பிரான்ஸில் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்று ஒரு சேவல்மேல் விடுமுறைக்கு வந்து தங்குகிற பக்கத்து வீட்டார் வழக்கே போட்டார்கள். 2019-ல் சேவல் ஜெயித்தது. வழக்குப் போட்டவர்கள் 1000 யூரோ கொடுக்க வேண்டி வந்தது. 2021-ல் கிராமத்துச் சத்தத்தையும் வாசனையையும் காக்க அந்த நாட்டில் சட்டமே வந்துவிட்டது. இதைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லாதே, அவர் நல்ல மனிதர். முட்டை கொடு.

சரி, பிள்ளைகள் போட்ட வழக்குக்கு வருகிறேன். குட்டி இப்போதுதான் தாயை விட்டு வந்திருக்கிறது, ராத்திரி அழத்தான் செய்யும். கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரை ஓரமாக ஒரு அட்டைப்பெட்டியில் சாக்குப் போட்டுப் படுக்க வை. பாயில் வேண்டாம். இதை மாமனாகச் சொல்லவில்லை, நர்ஸாகச் சொல்கிறேன்: பூச்சி மருந்து கொடுக்காத குட்டி பிள்ளைகள் பாயில் படுக்கக் கூடாது. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய் ஊசியை மறக்காமல் போடச் சொல். வளர்ந்ததும் களத்துப் பக்கம் அனுப்பிவிடு. அங்கே அதற்கு வேலை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது, பன்றி இருக்கிறது. வேலை இல்லாத நாய் என் போர்வைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பெரியவனிடம் இன்னொரு முறை படித்துக் காட்டு.

பிரிட்ஸ் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போகும்போது பழக்கமான ஒருவர் ஜனவரியில் சேலம் வருகிறார். அவரிடம் காப்பித்தூள் அரைக் கிலோ கொடுத்துவிடு, சிக்கரி கலக்காமல். இந்த நேரத்துக்கு எழுந்திருப்பவனுக்குச் சிக்கரி எல்லாம் பத்தாது.

குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுது. பிள்ளைகள் வால்டி என்று வைக்கப் பார்ப்பார்கள், விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் தம்பி