அவருக்குத்தான் தெரியும்

தாலுகா ஆபீஸில் பழைய அரசாணை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். தாசில்தார், டெபுடி தாசில்தாரைப் பார்ப்பார். டெபுடி, ஹெட் கிளார்க்கைப் பார்ப்பார். ஹெட் கிளார்க், ஜன்னலோரம் காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலியைப் பார்ப்பார். நாற்காலியின் முதுகில் பூத்துவாலை ஒன்று மடித்துப் போட்டிருக்கும். "டீ குடிக்கப் போயிருக்கார், வரட்டும். அவருக்குத்தான் தெரியும்" என்பார்கள். சொல்கிறவர் குரலில் வருத்தம் துளிகூட இருக்காது.

அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். சட்டைப்பையில் இரண்டு பேனா. சிவப்பு தனக்கு, நீலம் இரவல் கேட்பவர்களுக்கு. பதவி உயர்வு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதவி உயர்ந்தால் வேறு ஊர் போக வேண்டும். ஊர் மாறினால் பீரோவை விட வேண்டும். எல்லாம் அந்தச் சாம்பல் நிற பீரோவுக்குள்தான் இருக்கிறது. சாவி அவரிடம். மாற்றுச் சாவி எங்கே என்று பதினோரு தாசில்தார்கள் கேட்டுவிட்டார்கள். பதினோரு பேரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

பீரோவைத் திறந்தாலும் லாபமில்லை. கோப்புகளை அவர் நாடாவால் கட்டும் விதம் தனி. குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, பிறகு உள்ளே விட்டு வெளியே இழுத்து ஒரு முடிச்சு. மற்றவர்கள் இழுத்தால் இறுகும். அவர் இரண்டு விரலால் ஒரு முனையைத் தொட்டால் அவிழ்ந்து கொடுக்கும். அவிழ்க்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு விநாடிக்காகத்தான் மனிதர் முப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

வருவாய்த் துறைக் கணக்கெல்லாம் பசலி ஆண்டில் ஓடுகிற கணக்கு. ஜூலை முதல் தேதி பசலி பிறக்கும். வருஷா வருஷம் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி நேரத்தில் அதிகாரி ஆங்கில வருஷத்தைச் சொல்லி, "இது எந்தப் பசலி?" என்று கேட்டால், நம்மவர் கண்ணை மூடுவார். உதடு அசையும். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடும். கால் நிமிஷம் கழித்து, "ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு" என்று தீர்க்கமாக வரும். சுற்றி நிற்கிற இளநிலை உதவியாளர்களுக்கு மெய்சிலிர்க்கும். வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் போதும், ஜூலைக்கு முந்தைய மாதமென்றால் 591 என்பதை அவர்களில் ஒருவன் கைபேசியில் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு மூன்று ஜமாபந்தி ஆயிற்று. கண்டுபிடித்தவனிடம் அவர் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

இவரைக் கஞ்சன் என்று சொன்னால் அது அபாண்டம். உதவி கேட்டு இவரிடம் போய் வெறுங்கையோடு திரும்பியவர் கிடையாது. உங்களுக்குச் சம்பள நிர்ணயத்தில் சிக்கலா, கொண்டுபோய்க் கொடுங்கள். ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து முடித்துத் தருவார். நடுவில் தன் காசில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கித் தருவார். ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்களோ, பேனா மூடிக்கொள்ளும்.

"சார், எப்படிப் போடறதுன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை நானே போட்டுடுவேன்."

"நீ எதுக்கும்மா கஷ்டப்படறே? வெச்சிட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்."

"கத்துக்கலாம்னுதான் சார்."

"கத்துக்க என்ன இருக்கு? எல்லாம் அனுபவம்தான்."

அனுபவம் என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வேலையை மலைபோலச் செய்து கொடுப்பார், வழியை மட்டும் காட்ட மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இவரைப் போன்றவர் ஒருவர் உருவாகவே கூடாது என்றுதான் நம் அலுவலக நடைமுறையே வகுக்கப்பட்டது. சர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்று ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்தை நிர்வகித்தவர். சென்னை மாகாண அலுவலகங்களுக்கு அவர் பெயரில் வந்த முறைதான் இன்றைக்கும் தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்களில் ஓடுகிறது. வருகிற தபால் ஒவ்வொன்றுக்கும் எண். ஒவ்வொரு எழுத்தருக்கும் தன் பதிவேடு. நடப்புக் கோப்பு ஒரு பக்கம், குறிப்புக் கோப்பு ஒரு பக்கம், இரண்டிலும் பக்க எண். இதெல்லாம் போதாதென்று ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு ஸ்டாக் ஃபைல்: அந்த வேலைக்கான முக்கிய உத்தரவுகளையெல்லாம் அதில் சேர்த்துவைத்து, மாற்றலாகும்போது அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். எழுத்தர் நாளைக்கே இல்லாமல் போனாலும் வேறொருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். அறிவைத் தலைக்குள்ளிருந்து காகிதத்துக்கு மாற்றும் ஏற்பாடு. நிறுவனங்கள் இன்று லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கும் மென்பொருளைத் துரை அன்றைக்கே நாடாவிலும் பதிவேட்டிலும் செய்துவைத்துவிட்டார்.

டாட்டன்ஹாம் துரை கணக்கில் எடுக்காமல் விட்டது நம்மவரை. டாட்டன்ஹாம் முறையை நம்மவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் இல்லை. தன் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டதில்லை, பக்க எண் பிசகியதில்லை. ஆனால் ஸ்டாக் ஃபைல் மட்டும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆபீஸில் எலி கடிக்கும் என்பது காரணம். குறிப்புக் கோப்பில் அவர் எழுதும் குறிப்பு சித்தர் பாடலின் பரிபாஷையில் இருக்கும்: 'முந்தைய நேர்வில் பின்பற்றியவாறே இதிலும் பின்பற்றலாம்.' முந்தைய நேர்வு எது, எந்த வருஷம், எந்தக் கட்டு? அவருக்குத்தான் தெரியும்.

ஒரு தடவை மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அனுபவம் மிக்க பணியாளர்கள் தங்கள் பணியறிவை இளையவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று. முறைப்படி அது அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கோப்பை முடிக்கும்போது அதை எத்தனை காலம் பாதுகாப்பது என்பதற்கு வகை உண்டு. நிரந்தரமாக வைக்க வேண்டியது நி.மு.; பத்தாண்டுக்கு ப.மு.; மூன்றாண்டுக்கு மூ.மு.; ஓராண்டில் அழித்துவிடலாம் என்றால் ஓ.மு. நம்மவர் சுற்றறிக்கையை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இரண்டு தரம் படித்தார். எல்லோரிடமும் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினார். பிறகு சிவப்பு மையில் அழகாக ஓ.மு. போட்டார்.

ஜப்பானில் இதற்கு நேர்மாறாக ஒரு கதை நடந்தது. 1985-ல் மத்சுஷிதா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரம் செய்ய முயன்றுகொண்டிருந்தது. மாவு பிசைவது மட்டும் சரியாக வரவில்லை. ரொட்டி மேலே கருகி, உள்ளே வேகாமல் கிடந்தது. இகுகோ தனாகா என்ற பெண் மென்பொருளாளர், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலில் பேர்பெற்ற தலைமை ரொட்டி மாஸ்டரிடம் போய்ப் பயிற்சிக்குச் சேர்ந்தார். மாஸ்டர் மாவை ஒரு தினுசாக முறுக்கி இழுப்பதைக் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொண்டார். அதை வைத்து இயந்திரத்தின் உட்புறத்தில் விலா போன்ற மேடுகள் அமைத்தார்கள், ரொட்டி வந்தது. இகுஜிரோ நோனகா என்ற பேராசிரியர் 1991-ல் இதை எழுதப்போய், மேலாண்மைப் படிப்புப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் இன்றுவரை பரீட்சையில் எழுதுகிறார்கள். அந்த ஹோட்டலில் நம்மவர் மாஸ்டராக இருந்திருந்தால் தனாகா அம்மையாருக்குத் தினம் இரண்டு ரொட்டி இலவசமாகக் கிடைத்திருக்கும். "நீ எதுக்கும்மா கையை அழுக்காக்கறே?" என்று சொல்லி, பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார். மத்சுஷிதா இன்னும் மாவு பிசைந்துகொண்டிருக்கும்.

இந்த இனம் தாலுகா ஆபீஸோடு நிற்பதில்லை. கோவை மில்களில் மெஷின் மேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகு ஸ்பேனரை எடுக்கும் ஃபிட்டர் இவருடைய பெரியப்பா பிள்ளை. ராஜினாமா கொடுத்த பிறகு இரண்டு வாரம் 'நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்' கொடுக்கச் சொன்னால், ஸ்கிரீனை வேகமாக மேலும் கீழும் உருட்டிக் காட்டிவிட்டு "அவ்ளோதான், சிம்பிள்" என்கிற சென்னை ஐ.டி. இளைஞன் பேரன் முறை.

இவரை லஞ்சத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அது காரணமில்லை. பத்து ரூபாய் வாங்காதவர்கள்தான் இதில் முதல் தரம். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, யாராவது வந்து கேட்க வேண்டும். கலெக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்து, "அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த போன் வராது. இன்னொன்றையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அன்றைய 'அவருக்குத்தான் தெரியும்' ஒருவருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து, அவர் நாடா அவிழ்க்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படித்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்து இளையவன் தப்பாகப் போட்டால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி இரண்டு பேருக்கும் வரும். சரியாகப் போட்டால் பேர் அவனுக்கு. நல்ல பணிப்பதிவுச் சான்று எழுதும் அதிகாரி வருகை, நேரந்தவறாமை எல்லாம் பார்க்கிறார். எத்தனை பேரைத் தயார் செய்தார் என்று எழுதி நான் பார்த்ததில்லை.

இவரிடமிருந்து விஷயத்தைக் கறக்க வழியே இல்லையா என்றால், உண்டு. பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த ஒரு பெண் அதைக் கண்டுபிடித்தார். குரூப் 4 எழுதி வந்தவர், மதுரைப் பக்கம். ஆறு மாதம் பணிவாகக் கேட்டுப் பார்த்தார், பஜ்ஜிதான் கிடைத்தது. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுத் தப்பாக எழுத ஆரம்பித்தார். ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு ஊதிய உயர்வு பிப்ரவரி 14 முதல் என்று குறிப்பு எழுதி, நம்மவர் மேஜை வழியாகப் போகும்படி வைத்தார்.

"யாரும்மா இது? பிப்ரவரி பதினாலா? காதலர் தினத்துக்கு இன்கிரிமென்ட் தர்றாங்களா? ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், இந்த நாலு ஒண்ணாந்தேதியை விட்டா வேற தேதி கிடையாது! அந்தக் காலாண்டுக்குள்ள எந்தத் தேதி வந்தாலும் ஒண்ணாந்தேதிக்குப் போயிடும்!"

"லீவு போட்டிருந்தாலும் அப்படித்தானே சார்?" என்றார் அந்தப் பெண், இன்னும் தப்பாக.

"எந்த லீவு? சம்பளமில்லா விடுப்பு, அதுவும் மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாம எடுத்திருந்தா அது தள்ளும்மா! இதுகூடத் தெரியாம என்னத்தைப் படிச்சீங்க பவானிசாகர்ல?"

மேஜைக்கடியில் நோட்டுப் புத்தகம் நிறைந்துகொண்டிருந்தது. கேள்வியை அவரால் எத்தனை நாள் வேண்டுமானாலும் தாங்க முடியும். தப்பை அரை நிமிஷம் தாங்க முடியாது. ஒரே வருஷத்தில் அந்தப் பெண் ஆபீஸிலேயே பெரிய மக்கு என்று பெயரெடுத்தார். பாதி பீரோவைப் படித்தும் முடித்தார்.

நம்மவர் ஓய்வுபெறும் நாளை ஆபீஸ் பயத்தோடு எதிர்பார்த்திருந்தது. 2020 ஜூனில் 58 முடிகிறது என்று வழியனுப்பு விழாவுக்கு வசூல் தொடங்கினார்கள். மே மாதம் அரசு வயதை 59 ஆக்கியது. மறு வருஷம் மோதிரத்துக்கு அளவெடுத்தார்கள். அதற்குள் 60 ஆகிவிட்டது. வசூலான பணம் கொஞ்சம் கொஞ்சமாக டீக்கடைக் கணக்கில் கரைந்தது. ஒருவழியாக 2022 ஜூனில், மோதிரம் இல்லாமல், சந்தன மாலையோடு போனார்.

ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையோடு திரும்பி வந்தது. 1993-ல் ஏழு மாதத்துக்குப் பணி சரிபார்ப்புக் குறிப்பு இல்லை. ஊரிலுள்ளவர் அத்தனை பேரின் பணிப்பதிவேட்டையும் சலித்துப் பிழை கண்டவர். தன்னுடையதை மட்டும் யாரையும் தொடவிட்டதில்லை. தொட்டிருந்தால் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்த ஏழு மாதம் அவர் வேலை பார்த்தது பக்கத்துத் தாலுகாவில். அன்றைய சம்பளப் பட்டியல் கிடைத்தால் சரிசெய்துவிடலாம். அது அங்கே ரிக்கார்டு ரூமில் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். அங்கே ஒரு ரிக்கார்டு கிளார்க் இருக்கிறார், அவருக்குத்தான் தெரியும் என்றார்கள்.

அரைக் கிலோ அல்வாவோடு போனார். எந்த ரேக் என்று சொன்னால் நானே தேடி எடுத்துக்கொள்கிறேன் என்றார். "நீங்க எதுக்கு சார் தூசியில கையை வைக்கறீங்க, மனுவை வெச்சிட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வந்தது. நம்மவர் சளைக்கவில்லை. "தொண்ணூத்து மூணு பட்டியலெல்லாம் அழிச்சிருப்பீங்க, இருக்க வாய்ப்பில்லை" என்று தப்பாக ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ரிக்கார்டு கிளார்க் புன்னகை செய்தார். "திங்கட்கிழமை ஒரு எட்டு வந்துடுங்களேன்" என்றார்.

திரும்பி வந்தவர் நேரே பழைய ஆபீஸுக்குத்தான் வந்தார். அந்தப் பெண் எழுந்து நாற்காலி போட்டார்.

"என்னாச்சு சார், கிடைச்சுதா?"

"எங்கேம்மா! முக்கா மணி நேரம் உட்கார்ந்திருக்கேன், ஒரு வார்த்தை வாயிலேருந்து வரல." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. "வேலை தெரிஞ்ச ஆளும்மா."