திருநாளைப்போவார், பி.எஸ்சி. நர்சிங்

வீட்டில் எனக்கு இரண்டு பெயர். ரேஷன் கார்டில் இருப்பது ஒன்று. அப்பா வைத்த 'திருநாளைப்போவார்' இன்னொன்று. ஆதனூர் நந்தனார் "நாளைக்குத் தில்லைக்குப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைப் பெற்றார். அவரை மறித்தது ஊரின் சாதி, என்னை மறிப்பது வெறும் காகிதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதே பாவம். ஆனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பாவிடம் உவமை ஒன்று சிக்கிவிட்டால் லேசில் விடமாட்டார். திங்கட்கிழமை நான் பெங்களூரு போவேன் என்பேன், புதன்கிழமை சவுதி, வெள்ளிக்கிழமை ஜெர்மனி. வேலையில்லாத இந்த எட்டு மாதத்தில் கடலூர் முதுநகரைத் தாண்டி நான் அதிகம் போய்வந்த இடம், மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை.

அந்தக் கடை அண்ணனுக்கு என் மதிப்பெண்கள் எல்லாம் மனப்பாடம். போன வாரம் ஒரு விண்ணப்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, உன் பதிவு நம்பர்ல கடைசி எண் அஞ்சு இல்ல, மூணு" என்று திருத்தினார். திருத்தியதற்குக் காசு வாங்கவில்லை.

அந்த நம்பர் கிடைத்த கதையே ஒரு யாத்திரை. படித்தது சிதம்பரம் பக்கம், நான்கு வருஷம் கல்லூரி பஸ்ஸில். பட்டம் தந்தது கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பதிவு செய்துகொண்டது சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில், 1926-ஆம் வருஷச் சட்டப்படி நடக்கும் நர்சிங் கவுன்சிலில். நர்ஸ் என்று ஒன்று, மருத்துவச்சி என்று ஒன்று, ஆக ஆர்.என்., ஆர்.எம். என்று பெயருக்குப் பின்னால் இரண்டு வால் முளைத்தன. பாட்டி சான்றிதழை வாங்கிப் பார்த்து, "கல்யாணம் ஆவறதுக்குள்ளயே இனிஷியல் மாறிடுச்சா?" என்று பதறிப்போனாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரிகளில் முதல் கேள்வியே "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பதுதான். நீங்கள் வேலை கொடுத்தால் வரும் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டேன். அங்கிருந்து இன்னும் போன் வரவில்லை.

"கவர்மென்ட்டுல கூப்பிடுவாங்க" என்பது அம்மாவின் நம்பிக்கை. அதற்கும் முன்கதை உண்டு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் போன எங்கள் தெரு அக்காவுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பிப் போனவர், 2017-ல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரை டி.வி.யில் தேடினாள்.

சரி, பெங்களூரு. தமிழ்நாட்டில் பதிவு செய்த நர்ஸ் கர்நாடகத்தில் வேலை பார்க்க, இந்தக் கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி அந்தக் கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும். ஓசூரைத் தாண்டியதும் நோயாளியின் நரம்பு கையில் இடம் மாறிவிடுகிறதோ என்னவோ.

வளைகுடா என்றால் புரோமெட்ரிக் தேர்வு. கூடவே டேட்டாஃப்ளோ: நான் நிஜமாகவே படித்தேனா என்று ஒரு நிறுவனம் விசாரித்துச் சொல்லும். நான் தினமும் பஸ்ஸில் போய்வந்த கல்லூரிதான். அங்கே நான் போனேனா என்ற கேள்வி மட்டும் கடல் கடந்து சுற்றிக்கொண்டு வரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், பெரும்பாலான இடங்களில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும் என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் "அனுபவத்த நான் ரெடி பண்ணித் தர்றேம்மா" என்றார், சாம்பார் பொடி அரைத்துத் தருகிற மாதிரி. அப்பா அவரை வாசலோடு அனுப்பிவிட்டு, 1978-லேயே அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் என் பெயரைப் பதிந்தார். அவர்களும் அன்பாகத்தான் கேட்டார்கள்: "அனுபவம் எத்தனை வருஷம்மா?"

இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு. படிக்கவும் கேட்கவும் பேசவும் 7 வேண்டும், எழுத மட்டும் 6.5 போதும். அந்த அரைப் புள்ளிக் கருணையிலும் நான் தேறவில்லை.

மிச்சம் ஜெர்மனி. பி2 வரை மொழி படிக்க வேண்டும். 2020 முதல் அங்கே நர்ஸுக்குச் சட்டப்படி புதுப்பெயர்: ப்ஃப்ளேகஃபாக்ஃப்ராவ். நான் வாய்விட்டுப் பழகும்போது, புரையேறிவிட்டது என்று பாட்டி தலையில் தட்டினாள். 2003 வரை இருந்த பெயர் கிராங்கன்ஷ்வெஸ்டர், நோயாளிகளின் சகோதரி. "நம்மூர்லயும் சிஸ்டர்னுதானே கூப்பிடறாங்க, அப்பவே போயிருக்கலாம்" என்றாள் பாட்டி. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நல்ல காலம் முந்தின வருஷத்தோடு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்தில் ஊர் மாறுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-ல் அரசின் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது. இப்போது அது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. கட்டடம் ஓர் அங்குலம் நகரவில்லை. பெயர் மட்டும் 45 கிலோமீட்டர் பயணம் செய்து கடலூருக்கு வந்துவிட்டது. அதனிடம் யாரும் தடையில்லாச் சான்று கேட்டதாகத் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை போன் வந்தது. சிதம்பரத்தில் சின்ன நர்சிங் ஹோம். சம்பளம் 11,000. வாரம் மூன்று நைட் டியூட்டி, தங்க மாடியில் அறை. "ரெண்டு வருஷம் இருந்தா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் தருவோம்" என்று தீபாவளி போனஸ் அறிவிப்பது போலச் சொன்னார்கள். எனக்குச் சம்பளத்தைவிட அதுதான் பெரிதாகக் கேட்டது. சவுதிக்கான வழி சிதம்பரம் தெற்கு வீதி வழியாகப் போகிறது.

அம்மாவிடம் சொன்னேன். ஜெர்மனிக்கு ஸ்வெட்டர் என்ன விலை என்று விசாரித்து வைத்திருந்தவள் முகம் சுண்டிப்போனது.

"சிதம்பரத்துலயா? தனியாவா? நைட்லயா?"

"ஜெர்மனிக்கு மட்டும் யாரும்மா கூட வர்றதா இருந்தது?"

"அது வெளிநாடுடி. அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை. ஞாயிறு சாயங்காலம், என் மாமாவின் மச்சினி சிதம்பரம் கீழவீதியில் குடியிருப்பது ஞாபகம் வந்து, அம்மா விசா வழங்கினாள்.

திங்கள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் வந்தார்கள். புளிசாதம் மூன்று வேளைக்கு, ஊறுகாய், போர்வை, பாட்டி கட்டிக்கொடுத்த சுக்குப்பொடி. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு, "இறங்கினதும் போன் பண்ணு" என்று அம்மா நான்கு தடவை சொன்னாள். பஸ் கிளம்பும்போது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

"என்னம்மா இது, இன்னிக்கே கிளம்பிட்டியே. பேரு கெட்டுப்போச்சே!"

கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது.