பாதி பாய்லர்

ஊர் வீட்டைக் காலி செய்தபோது, பாட்டியின் செப்பு பாய்லருக்குப் பழைய பாத்திரக்காரர் விலை சொன்ன வேகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்துவிட்டது. கொடுக்காமல் சென்னைக்கே தூக்கி வந்துவிட்டேன். நடுவில் கரி போடும் குழல், கீழே பித்தளைக் குழாய், இருபுறமும் வளையம். லிப்டில் அது ஏறியது; இடமில்லாததால் நான் படியேறினேன்.

கூடத்தில் வைத்ததுமே அதன் மேல் படிந்த கறுப்பைப் பற்றிச் சண்டை ஆரம்பம். “தேய்ச்சுடாதப்பா, இது பேட்டினா!” என்றாள் மகள். “களிம்புடி அது” என்றாள் அம்மா.

மகள் சுதந்திர தேவி சிலையைச் சாட்சிக்கு அழைத்தாள். 1886இல் நியூயார்க்கில் நிறுத்தியபோது அதுவும் செப்பு நிறம்தானாம். 2.4 மில்லிமீட்டர் தகடு. பச்சை படர்ந்ததும், 1906இல் பெயின்ட் அடிக்கப் பேச்சு எழ, ஊரே எதிர்த்ததாம். அந்தப் பச்சைப் பேட்டினாதான் அடியில் இருக்கும் செம்பை மேலும் அரிக்காமல் காக்கிறதாம்.

அம்மா அசரவில்லை. “அந்தம்மாகிட்ட யாரும் வெந்நீர் பிடிச்சுக் குளிக்கலையே?”

ஞாயிற்றுக்கிழமை புளியோடு உட்கார்ந்தேன். சாம்பாருக்கு ஊறப்போட்டிருந்த புளி என்பது பிறகுதான் தெரிந்தது. கூடவே கல்லுப்பு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்கும். உப்பு அதற்குக் கைகொடுக்கும். தேய்த்த இடம் திருப்பதியில் முடி இறக்கிய மொட்டை மாதிரி இளஞ்சிவப்பாக வெளிவந்தது. அந்தக் கணத்தில் மனுஷனுக்கு வருகிற கர்வம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

பாதியில் போன் வந்தது. பேசி முடித்துத் திரும்புவதற்குள் புளிக்கரைசல் வழிந்து, தேய்க்காத பக்கமெல்லாம் வரிப்புலி. அவசரமாகக் கழுவி அப்படியே விட்டேன். காலையில் பார்த்தால் மொட்டையெல்லாம் மங்கி, நான் பிடித்துத் தூக்கிய இடத்தில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. கைவியர்வையின் உப்புக்கு அவ்வளவு ஞாபகசக்தி! “புளி போட்டா உடனே அலசி, ஈரம் போகத் துடைச்சு, வெயில்ல காட்டி, கடைசியா விபூதி போட்டுத் தேய்க்கணும். இதெல்லாம் ஒருத்தர் சொல்லித் தரணுமா?” என்றாள் அம்மா. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் நானில்லை. கூடத்தில் தொங்கும் செப்பு விளக்கிலும் புளி தடவினேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பி நார் போட்டேன், கீறல் விழுந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தால், “மேலே லாக்கர் பூச்சு இருக்கு சார், ஈரத்துணியே போதும்” என்றார். அதுவரை எனக்கு வங்கி லாக்கர்தான் தெரியும். பூச்சு பெயர்ந்த கீறல்களில் மட்டும் கறுப்பு ஏறி, விளக்கு இப்போது காவிரி டெல்டா வரைபடம். மொத்தப் பூச்சையும் எடுக்க அசிட்டோன் வேண்டுமாம். மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரில் இரண்டு பாட்டில் தீர்ந்தது. விளக்கில் இன்னும் கும்பகோணத்தைத் தாண்டவில்லை.

பாய்லர் பாதியோடு நின்றுவிட்டது. மகளின் சிநேகிதிகள் வந்தால் கறுப்புப் பக்கம் முன்னால் இருக்க வேண்டும். அம்மாவின் உறவுக்காரர்கள் வந்தால் பளபளப்புப் பக்கம். திருப்பி வைப்பது என் பொறுப்பு. எடை 15 கிலோ. வளையத்தைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறேன்.