டேப் அண்ணாத்தே

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்கு ஒருவர் இருப்பார். துறைமுகத்திலோ ஏதாவது ஃபேக்டரியிலோ முப்பது வருஷம் அளந்துவிட்டு ரிடையர் ஆனவர். வேலைதான் நின்றது, அளப்பது நிற்கவில்லை. மடித்துக் கட்டிய லுங்கியில் பீடிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு டேப். பக்கத்து வீட்டுக்கு பீரோ வந்தால், வண்டி நிற்பதற்குள் இவர் வந்து நிற்பார். "நட்டுக்க ஏத்தாதீங்கடா, படி திரும்புற எடத்துல மாட்டிக்கும்." மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு அவருக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும்.

எங்கள் திருவொற்றியூர் தெருவுக்கு டேப் அண்ணாத்தே. துபாயிலிருக்கும் மகன் போனில், "இடம் இருந்தா சொல்லுப்பா, பூல் டேபிள் ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டான். கெட்டிக்காரப் பையன். அப்பாவையும் தெரியும், மாடி ரூமையும் தெரியும்.

அன்று சாயங்காலமே மாடியில் சாக்பீஸ் கோடு விழுந்தது. ரூம் 14 அடிக்கு பதினொன்றரை. "8 அடி டேபிள் தாராளமா உக்காருமே அண்ணாத்தே" என்றேன். பாவமாகப் பார்த்தார்.

"டேபிள் உக்காரும் தம்பி. நீ எங்க நிப்பே?"

அப்புறம்தான் பாடம். மேஜை அளவைக் கேட்கிறவன் ஏமாளி, குச்சி அளவைக் கேட்கவேண்டும். குச்சி 58 அங்குலம். பந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த 58 அங்குலமும் பின்னால் வேண்டும். நாலு பக்கமும் வேண்டும். 8 அடி மேஜையில் பந்து உருளும் பரப்பு 88க்கு 44 அங்குலம். கூட்டினால் நீளம் 17 அடி, அகலம் 13 அடி 4 அங்குலம். 9 அடி மேஜையென்றால் 18க்கு 14. 12 அடி ஸ்னூக்கர் மேஜைக்கு 22க்கு 16. "அதுக்கு மண்டபம் புடிக்கணும்" என்றார்.

1882-ல் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கருக்கு விதி எழுதிய வெள்ளைக்காரர் இந்தக் கூட்டலையெல்லாம் போட்டிருக்கமாட்டார். அங்கே மேஜைக்குத் தகுந்த மாதிரி அறை கட்டினார்கள்.

"48 அங்குலத்துல குட்டைக் குச்சி கிடைக்குதாம். 15 அடி 4 அங்குலத்துல முடிஞ்சிடும்" என்று யோசனை சொன்னேன்.

"ஹார்பர்ல எடம் பத்தலன்னு கிரேன் கையை வெட்டுவாங்களா?"

அதற்குமேல் பேசவில்லை. பால்கனிக் கதவைத் திறந்துவைத்தால் ஒரு பக்கம் குச்சி வெளியே போகும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே ஈபி ஒயர் போனது.

முதல் வருஷம் 9 அடிக் கோடு. வாஷிங் மெஷின் வந்ததும் ஈரத்துணியால் துடைத்து 8 ஆக்கினார். பேரனின் படிப்பு மேஜை வந்தது, 7. வராத மேஜைக்கு வீடே வழிவிட்டது. பேரன் புத்தகப்பையோடு சுற்றிக்கொண்டுதான் போவான். அண்ணி மட்டும் கோட்டுக்குள் வத்தல் காயப்போடுவாள். "இந்தாய்யா, ஒன் டேபிள் மேல வத்தல் கீது, மிதிச்சிடாத."

மேல்பலகை விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை: ஸ்லேட் கல்தான். கடல்காற்றுக்குப் பலகை வளையும், கல் வளையாது. கல் வைத்த 8 அடி மேஜை முந்நூறு கிலோவுக்கு மேல் வரும் என்று தெரிந்ததும், கீழே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்து ஒரு வாரம் கழித்தார். பிறகு துணியின் நிறம். 2011-ல் துறைமுகம் நிலக்கரி இறக்குவதை நிறுத்தும்வரை, ராயபுரத்தில் கொடியில் காய்ந்த வேட்டிக்குக் கறுப்புக் கரை தானாக ஏறும். இப்போது நிலக்கரி எண்ணூரில் இறங்குகிறது. எங்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. "பச்சை வேணாம், கருஞ்சாம்பல் போட்டுடலாம். மொதல்லயே அழுக்கா இருந்தா அழுக்காவாது."

மாடிப்படிக்குக் கீழேயே பையன்கள் தொங்கும் பல்பு வெளிச்சத்தில் கேரம் ஆடுகிறார்கள். ஆடும் பரப்பு 29 அங்குலச் சதுரம்; முழங்கைக்கு இடம் இருந்தால் போதும். அந்தச் சதுரத்தில்தான் மரிய இருதயம் உலகப் பட்டம் வாங்கினார், 1996-க்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். இதே வடசென்னையின் ஆட்டோ டிரைவர் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு திரும்பினார். அதைச் சொல்லி, "ஒரு கேரம் போர்டு போட்டுடலாமே" என்றேன்.

"அதுல அளக்க இன்னா கீது?"

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வருவதற்குள் டேப் வெளியே வந்துவிட்டது. ஹால் நீளம் 17 அடி 2. அகலம் 13 அடி 6. இன்னொரு தடவை அளந்தார். அதே அளவு. வாசற்கால் சரி, தரைதளம் என்பதால் எடைக் கவலை இல்லை, வீட்டுக்குப் பின்னால் கோடவுன் சுவர், காற்றும் வராது. அண்ணாத்தேக்கு நெற்றியில் வியர்வை பூத்தது. டேப்பைச் சுருட்டாமலே சுவரோரம் மெதுவாக நடந்தார். மூலைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"தம்பி, இந்த சுச்சு போர்டு ரெண்டு அங்குலம் துருத்திக்கினு கீதே. குச்சி இடிக்கும்."

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.