சாகண் வட்டார இல்லப் பட்டறைகளில் மரத்துண்டு வைப்பு முறைமை: ஒரு பன்முக நோக்கு

ஆய்வு எல்லை: புணே மாவட்டம், சாகண், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி, பின்பக்கப் பால்கனி. ஆறடிக்கு நாலடி. இதில் இரண்டடியை வாஷிங் மெஷின் நெடுங்காலமாக ஆண்டு வருவதால், அந்நிலப்பகுதி ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை.

வரலாற்றுப் பின்னணி: சாகணின் சங்கிராம துர்க்கத்தை 1660இல் முகலாயத் தளபதி சாயிஸ்தா கானின் படை முற்றுகையிட்டது. கோட்டையைக் காத்த ஃபிரங்கோஜி நர்சாளா ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். சுரங்கத்தில் வெடிமருந்து வைத்து ஒரு கொத்தளத்தைத் தகர்த்த பிறகுதான் கோட்டை விழுந்தது. இதற்கும் மரத்துண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் வட்டார வரலாறு இல்லாத கட்டுரையைத் துறைத்தலைவர்கள் கையால் தொடுவதில்லை.

இனி மூல ஆவணங்கள். கார், பைக் ஆலைகளுக்குப் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் உதிரிபாகங்களின் அடியில் பைன் பேலட்டுகள் வருகின்றன. உடைந்தவை ‘பங்கார்’ எனப்படும் பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து எடைக்கு என் பால்கனிக்கு வருகின்றன. இவற்றில் சூட்டுக்கோலால் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு: கோதுமைக் கதிர், நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்து, பிறகு ‘எச்.டி.’ எதிர்வீட்டுப் பையன் இதை ‘ஹைதராபாத்’ என்று வாசித்தான். அது பிழை. பூச்சி சாக, மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தார்கள் என்பதே பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. அதை வீட்டுக்குள் ஏற்றக்கூடாது.

மரத்துண்டு மூவகைப்படும்.

நெடியது: சுவரில் எல் ஆங்கிள் அடித்துப் படுக்கவைக்கவும். தாங்கிகளுக்கு இடையே இரண்டடிக்கு மேல் விட்டால் தொய்யும்.

அகன்றது: பிளைவுட். செங்குத்தாக நிறுத்தவும், சாய்த்தால் தொந்தி போடும்.

மூன்றாவது வகை ‘எதுக்காவது ஆகும்’. நீளம் அரை அடிக்குக் கீழ், வடிவம் சொல்லுந்தரமன்று, எண்ணிக்கை பெருகுந்தன்மையது. இதற்கு இலக்கணம் கண்ட முன்னோர் எவரும் இல்லாமையால், அடியேனே ஒரு நூற்பா யாத்தேன்:

எடுப்பார் இன்றிக் கிடப்பது துண்டே;
எறிந்த மறுநாள் வேண்டப் படுமே.

‘படுமே’ என்புழி ஏகாரம் தேற்றம் என்பார் ஒருசாரார். ஈற்றசை என்பார் மற்றொரு சாரார். தொல்காப்பியம் சொல்லும் ஐவகை ஏகாரத்துள் இது எதிலும் அடங்காது, இது ‘எரிச்சல் ஏகாரம்’ என்பது இல்லாள் கருத்து: “ஏங்க, இதெல்லாம் எதுக்குங்க, தூக்கிப் போட வேண்டியதுதானே” (இல்லாள், வாய்மொழி, அடுக்களை, குக்கர் மூன்றாம் விசில்). இக்கருத்து பின்னர் விரிவுபெற்றது (மேற்படி, திருத்திய இரண்டாம் பதிப்பு, இரவு 10 மணி). அதன்பின் வெளிவந்த செம்பதிப்பையும் காண்க (மேற்படி, மூன்றாம் பதிப்பு, மாமியார் அணிந்துரையுடன், தொலைபேசி வழி, திருநெல்வேலி, ஒலிபெருக்கி போட்ட நிலையில்).

நூற்பாவின் முதலடி மரத்துக்கு மட்டுமே பொருந்துமா என்று ஒரு வினா எழுந்தது. பதிவுக் கட்டணம் கட்டியோர் அனைவரின் கட்டுரையும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு அச்சேறும் பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுதிகளுக்கும் பொருந்தும் எனத் துணிக. மரத்துண்டை அடுப்பிலாவது வைக்கலாம்.

வைப்புமுறைக்கு முன்மாதிரி தேடி நெடுநாள் அலைந்தேன். அது வீட்டுக்கு வெளியே வயலோரத்தில் நின்றது. சாகண் வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். இந்தப் பக்கத்து விவசாயிகள் வெங்காயத்தைக் ‘கான்டா சாள்’ என்னும் கொட்டகையில் கொட்டிவைப்பார்கள்: தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம், இடைவெளி விட்டு அடித்த பட்டைகளே சுவர், மேலே கூரை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். மரத்துக்கும் வேண்டியது இதுவே. மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் ஊதும். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் வளையும். ஆகவே தரையோடு ஒட்டவிடாமல் செங்கல் மேல் ஏற்றி, சுவருக்கு நாலு விரல் இடம் விட்டு, ரீப்பர் சட்டங்களால் ஒரு குட்டி கான்டா சாள் செய்வதெனத் தீர்மானம் ஆயிற்று. உழவரிடம் கற்றதை உழவர் பெயரிலேயே சொல்கிறேன். ஆய்வுலகில் இது வழக்கமில்லை என்பதை அறிவேன்.

முடிவுகள் வருமாறு. அடுக்க வேண்டிய துண்டு 41. அடுக்கு செய்யச் செலவானது 26. மீதி 15. செய்யும்போது அறுபட்டு விழுந்த புதுத் துண்டு 19. ஆக, அடுக்கில் வைக்க இப்போது 34. மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பில் 7 துண்டு குறைந்துள்ளது. இந்த வேகத்தில் இன்னும் சில அடுக்குகள் செய்தால் துண்டுப் பிரச்சினை தீரும். பால்கனி தீர்ந்துவிடும் என்ற மாற்றுக் கருத்தும் உண்டு (இல்லாள், நான்காம் பதிப்பு, மக்கள் பதிப்பு, பக்கத்து வீட்டார் முன்னிலையில்).

கோட்பாட்டுக்குக் களச்சான்று சென்ற வாரம் கிட்டியது. மாவு அரைக்கும்போது கிரைண்டர் ஆடியது. இல்லாள் பால்கனிக்குப் போய், கையில் ஒரு துண்டோடு வந்து, அடியில் முட்டுக் கொடுத்தாள். அரை அங்குலக் கனம், அளவெடுத்தாற்போல் பொருந்தியது. நான் துள்ளிக் குதித்து நூற்பாவைச் சொன்னேன்.

அது அடுக்கின் முன்காலுக்கு நான் கொடுத்திருந்த முட்டு. கிரைண்டர் இப்போது ஆடுவதில்லை. “ஆமாங்க, எதுக்காவது ஆகுதுதான்” (மேற்படி, ஐந்தாம் பதிப்பு, மாவு வழித்தபடி, சிரிப்புடன்).